மூன்று நாள் பட்டினியா, சீக்கிரமே முடிக்கும் இரவுச் சாப்பாடா?

தம்பி மூன்று நாள் தண்ணீர் மட்டும் குடித்தான். நான்காம் நாள் காலையில் வெண்பொங்கல். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், பட்டினிக்கு முன்பு வந்ததைவிட சுகர் அதிகம். "மிஷின் சரியில்லை" என்றான். மிஷின் சரியாகத்தான் இருந்தது.

சாப்பாடு நின்றதும் இன்சுலின் இறங்குகிறது, உடம்பின் கொழுப்பு கரைந்து கொழுப்பு அமிலங்களாக ரத்தத்தில் வருகிறது. தசை அதை எரிக்கிறது. ஆனால் எரிப்பதைவிட வரத்து அதிகம். மிச்சம் தசை நாருக்குள்ளேயே சிறு துளிகளாகத் தங்குகிறது. 60, 72 மணி நேரப் பட்டினியில் இது தெளிவாகவே தெரியும். கொழுப்பில் ஓடப் பழகிவிட்ட தசை சர்க்கரையை எடுக்க மறுக்கிறது, இன்சுலின் சொன்னாலும் கேட்பதில்லை. இது நோயும் இல்லை. மூளைக்கு ஒரு நாளைக்கு 120 கிராம் அளவுக்கு குளுக்கோஸ் வேண்டும். தசை விட்டுக்கொடுத்தால்தான் அது மிஞ்சும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சரியாகிவிடும். ஆனால் சுகரைக் குறைக்க நினைப்பவருக்கு இது நேர் வழி அல்ல.

தசைக்குள் கொழுப்பு இருந்தாலே கெடுதல் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நெடுந்தூரம் ஓடுகிறவர்களின் தசையிலும் அது நிறைய உண்டு, இன்சுலினும் அவர்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. தினமும் எரித்து, தினமும் நிரப்புகிறார்கள். அதனால் எந்த விரதமானாலும் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தினமும் ஒரு நடை கூடவே வேண்டும் என்பேன்.

அடுத்தது ஜிம் பையன்களின் 16 மணி நேர முறை. காலை டிபன் கிடையாது, மதியம் 12 முதல் இரவு 8 வரை சாப்பாடு. 2020இல் அமெரிக்காவில் 116 பேரிடம் 12 வாரம் பார்த்ததில், மூன்று வேளை சாப்பிட்டவர்களைவிட இன்சுலின் விஷயத்தில் பெரிய லாபம் இல்லை. கை கால் தசை கொஞ்சம் குறைந்ததுதான் கவலை, சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய இடமே தசைதானே!

காலையில் சாப்பிட்டு, பிற்பகல் 3 மணிக்குள் முடித்துக்கொள்ளும் முறை வேறு மாதிரி. 2018இல் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த ஆண்களிடம் 5 வாரம் செய்தார்கள். எடை குறையாமலே இன்சுலின் உணர்திறன், அதாவது இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்கும் அளவு, கூடியது. எட்டே பேர்தான், ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். 3 மணி நம் ஊரில் நடக்காது. ராத்திரி பத்து மணி பரோட்டாவை விட்டு ஏழுக்குள் இட்லியோடு முடித்தால், காலை டிபன் வரை 12, 13 மணி நேரம் தானாகக் கிடைக்கும். நான் அதைத்தான் செய்கிறேன்.

அம்மாவின் ஏகாதசி திருவந்திபுரம் பெருமாளுக்காக இருப்பது, அதை சுகர் கணக்கில் சேர்க்க மாட்டேன். துவாதசி பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் தாராளமாக, சோறு அளவாக என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் பட்டினி கிடக்கவே கூடாது, சுகர் ஆபத்தாக இறங்கும். டாபாகிளிஃப்ளோசின் என்ற இன்னொரு சுகர் மாத்திரை எடுப்பவர்கள் பட்டினி கிடந்தால், சுகர் சாதாரணமாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறலாம். அப்புறம், குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனைக்கு முந்தைய மூன்று நாளும் சோறு, இட்லி எதையும் குறைக்காமல் வழக்கம்போல் சாப்பிடுங்கள். அந்த நாட்களில் பட்டினி கிடந்தால், இல்லாத சர்க்கரை நோயை ரிப்போர்ட் காட்டிவிடலாம்.