வைட்பேண்ட் தகராறு: புதுசு வாங்குவதா, பழசைச் சோதிப்பதா?

ஐடிலில் 17, பூஸ்ட் (டர்போ அழுத்தித் தள்ளும் காற்று) ஏறினால் 11.5. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் எத்தனை பங்கு காற்று என்ற கணக்கு இது, சரியான அளவு 14.7. சைலன்சர் குழாயில் மாட்டிய வைட்பேண்ட் என்ற ஆக்ஸிஜன் சென்சார்தான் இதை அளக்கிறது. டர்போ காரில் கேஜ் இப்படிக் காட்டியதும் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “சென்சார் போச்சு, மாத்திடுங்க.” மாற்றினேன். புதுசும் அதே 17-ஐத்தான் காட்டியது.

மாற்றுவதில் ஒரு சௌகரியம் உண்டு. ஸ்பேனர் போட்டுக் கழற்றினால் அரை மணி நேர வேலை. சோதிப்பதற்கு ஒரு சாயங்காலமே போய்விடும், கை சுடும், கரி ஒட்டும். ஆனாலும் மல்டிமீட்டரில் ஒரே ஒரு அளவு எடுக்காமல் கடைக்குப் போகாதீர்கள். உங்களுடையது பாஷ் எல்எஸ்யு 4.9 மாடல் சென்சார் என்றால் கனெக்டரைக் கழற்றி, சாம்பல் வயருக்கும் வெள்ளை வயருக்கும் நடுவே, சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரைப் பாருங்கள். ஆறிய நிலையில் ஏறக்குறைய 3 ஓம் இருக்க வேண்டும். மீட்டர் ஓப்பன் காட்டினால் ஹீட்டர் எரிந்துவிட்டது, வாதமே இல்லை, புதுசு வாங்குங்கள்.

ஹீட்டர் உயிரோடு இருந்தால்தான் சோதனைக்கு வேலை. எனக்குப் பிடித்தது கழற்றாமலே செய்வது: மூன்றாவது கியரில் 4000 ஆர்பிஎம் வரை ஏற்றி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுசாக எடுங்கள். பெட்ரோல் கட் ஆகி, சைலன்சரில் வெறும் காற்றுதான் போகும். நல்ல சென்சார் சட்டென்று லீன் பக்கத்தின் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) எல்லைக்குத் தாவும். தயங்கித் தயங்கி ஏறினால் சோம்பேறியாகிவிட்டது என்று அர்த்தம். கழற்றி வெளிக்காற்றில் தொங்கவிட்டு 20.9 சதவீத ஆக்ஸிஜனைச் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பதும் நல்லதுதான், ஆனால் அந்தச் சோதனையில் சோம்பேறியும் பாஸ் ஆகிவிடும்.

என் பழைய சென்சார் இரண்டிலும் பாஸ். அப்புறம் 17 எங்கிருந்து வந்தது? சைலன்சரில் கசிவு இருந்தால் புகை வெளியேதானே வரும், காற்று எப்படி உள்ளே போகும் என்று நானும் கேட்டேன். புகை ஒரே சீராக ஓடுவதில்லை. சிலிண்டர் ஒவ்வொன்றாகத் துப்புகிறது. இரண்டு துப்பலுக்கு நடுவே குழாயில் அழுத்தம் வெளிக்காற்றுக்கும் கீழே இறங்கும். அந்த இடைவெளியில் கசிவு வழியாகக் காற்று உள்ளே இழுபடும். சென்சாருக்குத் தெரிந்தது ஆக்ஸிஜன் மட்டுமே, அது எந்த வழியாக வந்தது என்று அதற்குத் தெரியாது. பூஸ்டில் புகை நெருக்கித் தள்ளுவதால் காற்று நுழைய இடமில்லை. அதனால்தான் அங்கே மட்டும் 11.5 என்று உண்மை பேசியது.

டெயில் பைப்பில் வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைத் துணி சுற்றிச் செருகி, ஆறிய இஞ்சினில் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். டர்போவும், அதிலிருந்து புகை இறங்கும் டௌன்பைப்பும் சேரும் கேஸ்கெட்டில் குமிழ் குமிழாக வந்தது. டார்ச் அடித்தால் பக்கத்திலேயே பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கரிக் கோடு.

மாற்றலில் ஒளிந்திருக்கும் இன்னொரு செலவு இது: டர்போ சீல் எண்ணெய் விடுகிறதென்றால் புதுசும் அதே எண்ணெயில் பொசுங்கும். கண்ட கண்ட சிலிகான் பேஸ்ட் போட்டு அடைத்தாலும் இதே கதிதான்.

வயரிங்கையும் விட்டுவிடாதீர்கள். சென்சாரை இயக்கி, அளவை இஞ்சின் கம்ப்யூட்டரான இசியுவுக்கு வோல்ட்டாக அனுப்புவது கண்ட்ரோலர். 0 வோல்ட்டுக்கு 7.35, 5 வோல்ட்டுக்கு 22.39 என்று அனுப்பும் கண்ட்ரோலரில், எர்த் 0.1 வோல்ட் தள்ளினால் கணக்கு 0.3 மாறும். கேஜில் 11.5, இசியுவில் 11.8 என்று வந்தால் எர்த்தைப் பாருங்கள், பாவம் சென்சாரை விடுங்கள்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் எல்எஸ்யு 4.2-வா 4.9-ஆ? இது ருசியைப் பொறுத்த விஷயமில்லை. 4.2 வெளிக்காற்றை ஒப்பிட்டுப் பார்த்து அளக்கிறது, 4.9 தனக்கு வேண்டிய ஒப்பீட்டை மின்னோட்டத்தால் தானே உண்டாக்கிக்கொள்கிறது. 4.9 மேல் என்பது என் கட்சி. ஆனால் 4.2-க்குச் செய்த கண்ட்ரோலரில் அது ஓடாது: சென்சாருக்குள் அளக்கும் பகுதியான செல்லின் ரெசிஸ்டன்ஸை 4.2 என்றால் 80 ஓமில் வைக்க வேண்டும், 4.9 என்றால் 300 ஓமில். வயர் எட்டவில்லை என்று கனெக்டரை வெட்டி ஒட்டுபவர்களும் உண்டு. அந்த சென்சாருக்கென்றே அளந்து வைத்த ரெசிஸ்டர் அந்தக் கனெக்டருக்குள்தான் இருக்கிறது. வெட்டினால் அதுவும் போச்சு.

இடையில் ஒன்று: ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) ஊற்றினாலும், கலவை சரியாக இருக்கும்போது கேஜ் 14.7 என்றுதான் காட்டும், நிஜ விகிதம் 13.5 பக்கம். லாம்டாவில் (எந்த எரிபொருளானாலும் சரியான கலவைக்கு 1 என்று காட்டும் அளவு) படிக்கப் பழகினால் இந்தக் குழப்பமே வராது.

கேஸ்கெட் மாற்றி பழைய சென்சாரையே திரும்பப் போட்டேன். ஐடிலில் 14.7. புதுசு டப்பாவோடு கிளவ் பாக்ஸில் கிடக்கிறது, இரண்டு நாள் ஓடியதால் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை.