சமயவியலா, சமய மெய்யியலா: மேல்நிலை வகுப்பில் எதை எடுப்பது?

பள்ளியின் இறுதி ஆண்டுகளில் சமயம் சார்ந்த பாடம் ஒன்றைப் படிக்க விரும்பும் மாணவருக்குப் பொதுவாக இரண்டு வழிகள் இருக்கின்றன. உலகச் சமயங்களை அவற்றின் நூல்கள், சடங்குகள், வரலாறு, உட்பிரிவுகள் ஆகியவற்றோடு அறிமுகப்படுத்தும் சமயவியல் ஒன்று. கடவுள் உண்டா, நல்ல கடவுளின் உலகில் தீமை ஏன், அற்புதங்களை நம்புவது நியாயமா போன்ற கேள்விகளை வாதங்களாக எடுத்து ஆராயும் சமய மெய்யியல் மற்றொன்று. சில பாடத்திட்டங்களில் இவை ஒரே பாடத்தின் இரு தாள்களாக வருகின்றன. வேறு சிலவற்றில் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். கீழ்வகுப்புகளில் முதலாவதைப் படித்துவிட்டு, மேல்நிலையில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தவன் நான். அதையே இன்றும் பரிந்துரைப்பேன் என்பதால், இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்விகளைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். இரண்டிலும் நீண்ட கட்டுரைகள் எழுத வேண்டும். இரண்டிலும் மாணவரின் சொந்த நம்பிக்கைக்கு மதிப்பெண் கிடையாது. நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே அளவுகோலால்தான் மதிப்பிடப்படுகிறார்கள். மனப்பாடச் சுமை சமயவியலில் கூடுதல். தொடக்கத்தில் தலை சுற்றுவது மெய்யியலில் கூடுதல். சட்டம், இதழியல், ஆசிரியப் பணி என்று பின்னர் எங்கே போனாலும் இரண்டுமே உதவும் என்பதால், மேற்படிப்பைக் காரணம் காட்டி ஒன்றை ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சமயவியலின் பெருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1967இல் லான்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமயவியல் துறையைத் தொடங்கிய நினியன் ஸ்மார்ட், ஒரு சமயத்தைக் கோட்பாடாக மட்டும் பார்க்காமல் சடங்கு, புராணம், அனுபவம், அறநெறி, சமூக அமைப்பு எனப் பல பரிமாணங்களில் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார்; கட்டடம், சிற்பம் போன்ற பொருள் வடிவங்களைப் பின்னர் சேர்த்தார். இந்தப் பார்வை பள்ளிப் பாடங்களுக்குள் வந்தது பெரிய முன்னேற்றம். தன் சமயத்தைத் தவிர வேறொன்றையும் அருகில் பார்த்திராத பிள்ளைக்கு, அடுத்தவர் வழிபாட்டுக்கும் ஓர் உள்ளொழுங்கு உண்டு என்று புரிவதே பெரிய விஷயம். கீழ்வகுப்பில் நான் பெற்ற அந்த அடிப்படை இல்லாமல் மெய்யியல் வகுப்பில் பாதி புரிந்திருக்காது.

ஆனாலும் மேல்நிலையில் மெய்யியலின் பக்கம் என்னைத் திருப்பிய காரணம் ஒன்று உண்டு. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் தீர்மானிக்க வேண்டியது என்று கருதுகிறேன். பாடநூலிலோ ஆசிரியரின் விளக்கத்திலோ தவறு இருந்தால், அதை மாணவர் தாமே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள முடியுமா என்பதே அது.

சமயவியல் பாடநூல்களில் அடிக்கடி காணக்கூடிய ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். நிறுவனர், புனித நூல், வழிபாட்டிடம், முக்கிய விழா என்று நான்கு பத்திகள். வரிசைக்கு ஒரு சமயம். சமணத்துக்கு நேரே புனித நூல் என்ற கட்டத்தில் ‘ஆகமங்கள்’ என்று இருக்கும். மாணவர் அதைப் படித்து, எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார். ஆனால் மூல ஆகமங்கள் அழிந்துபோயின என்பது சமணத்தின் இரு பெரும் பிரிவுகளில் ஒன்றான திகம்பரரின் கொள்கை. மற்றொரு பிரிவான சுவேதாம்பரர் போற்றும் தொகுப்பை அவர்கள் ஏற்பதில்லை. அந்தக் கட்டத்தில் இருப்பது ஒரு பிரிவின் நிலைப்பாடு மட்டுமே என்பதை அட்டவணையை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் மாணவரால் அறிய முடியாது. வெளியிலிருந்து ஒருவர் சொல்ல வேண்டும், அல்லது இன்னொரு நூல் கையில் கிடைக்க வேண்டும். இந்து சமயத்துக்கு நேரே ‘நிறுவனர்’ என்ற கட்டம் காலியாகக் கிடப்பதும் இதே சிக்கல்தான். ஒரு சமயத்தின் சட்டகத்துக்குள் இன்னொன்றை அடைக்கப் பார்த்ததன் விளைவு அது. பல சமயங்களையும் அவற்றின் மூலநூல்களோடு அறிந்த ஆசிரியர் கிடைத்தால் இவை எல்லாம் சரியாகிவிடும். அத்தகைய ஆசிரியர் ஒரு பள்ளியில் அமைவது அரிது. ஒருவரே ஐந்தாறு சமயங்களை நடத்தும்போது, தாம் அறிந்த ஒன்றிரண்டைத் தவிர மற்றவற்றுக்கு அவரும் அதே பாடநூலைத்தான் நம்பியாக வேண்டும்.

மெய்யியல் பாடநூல்களிலும் தவறுகள் உண்டு, சில மிகப் பரவலானவை. இடைக்காலக் கிறித்தவ மெய்யியலாளர் தாமஸ் அக்வைனஸின் வாதத்தை, ‘எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு, ஆகவே உலகுக்கும் ஒரு காரணம் உண்டு, அதுவே கடவுள்’ என்று சுருக்கித் தருவது அவற்றுள் ஒன்று. இதைப் படிக்கும் மாணவர், ‘அப்படியானால் கடவுளுக்குக் காரணம் எது?’ என்று உடனே கேட்பார். அந்தக் கேள்விக்கு எந்த ஆசிரியரின் உதவியும் தேவையில்லை. வாதத்திலிருந்தே அது பிறக்கிறது. கடவுள் உண்டு என்று நிறுவப் பதிமூன்றாம் நூற்றாண்டில் அக்வைனஸ் எழுதிய, ‘ஐந்து வழிகள்’ எனப்படும் ஐந்து வாதங்களும் ஓரிரு பக்கங்களுக்குள் அடங்கிவிடுபவை. மொழிபெயர்ப்பு எளிதில் கிடைக்கும். எடுத்துப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்ற கூற்றே அங்கு இல்லை. எதுவும் தனக்குத் தானே காரணமாக முடியாது, காரணங்களின் தொடர் முடிவின்றிப் பின்னோக்கிச் செல்ல முடியாது என்ற இரண்டின் மேல்தான் அவருடைய இரண்டாம் வழி நிற்கிறது. உடனே கேள்வியும் மாறிவிடுகிறது: தொடர் முடிவின்றிச் செல்லக் கூடாது என்பதற்கு என்ன ஆதாரம்? பாடநூலின் பிழையைப் பதினாறு வயதுப் பிள்ளை தானே பிடித்து, மூலத்துக்குப் போய், முன்னதைவிட நல்ல கேள்வியோடு திரும்ப முடிகிறது. சமயவியலில் இப்படி ஒன்று நடக்காது என்று சொல்லவில்லை. நடப்பதற்கு ஆசிரியர், நூலகம், மொழியறிவு என்று பல துணைகள் வேண்டும் என்கிறேன்.

இந்தத் துறையின் மரபே மறுப்பை வரவேற்கும் மரபு. இதைவிடப் பெரியதை நினைக்கவே முடியாது என்னும்படியான ஒன்றே கடவுள், ஆகவே அவர் நினைப்பில் மட்டுமன்றி உண்மையிலும் இருந்தே ஆக வேண்டும் என்ற வாதத்தைக் கிறித்தவத் துறவி ஆன்செல்ம் 1077, 1078 ஆண்டுகளையொட்டி எழுதியபோது கௌனிலோ என்ற துறவி அதை மறுத்தார். அதே முறையில் வாதிட்டால் எங்கோ ஒரு நிறைவான தீவு இருந்தே ஆக வேண்டும் என்று நிறுவிவிடலாமே என்பது அவர் மறுப்பு. ஆன்செல்ம் அந்த மறுப்பையும் அதற்குத் தாம் எழுதிய பதிலையும் தம் நூலோடு சேர்த்தே படியெடுக்கச் சொன்னார். 1955இல் மெய்யியலாளர் ஜே. எல். மெக்கி தீமை பற்றி எழுதிய கட்டுரையும் வகுப்பறைக்கு மிகப் பொருத்தமானது. கடவுள் எல்லாம் வல்லவர், கடவுள் முழுதும் நல்லவர், தீமை இருக்கிறது என்ற மூன்று கூற்றுகளும் அப்படியே முரண்படுவதில்லை; நல்லவர் தம்மால் இயன்றவரை தீமையை நீக்குவார், வல்லவரின் ஆற்றலுக்கு எல்லையில்லை என்ற இரண்டையும் சேர்த்தால்தான் முரண் தோன்றுகிறது என்று அவரே எடுத்துக்காட்டுகிறார். சேர்க்கப்பட்ட அந்த இரண்டில் எதை விடலாம் என்று ஒரு வகுப்பு முழுவதும் வாதிட முடியும். தன் நம்பிக்கையை விட்டுக்கொடுக்காத மாணவரும் எதிர்த்தரப்பின் வலுவை உள்ளபடி எழுதப் பழகுவது அங்கேதான்.

சமய மெய்யியல் பாடத்தின் பெரிய குறையையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான பாடத்திட்டங்களில் ‘கடவுள்’ என்றால் ஒன்றுமில்லாததிலிருந்து உலகைப் படைத்த, எல்லாம் வல்ல, எல்லாம் அறிந்த, முழுதும் நல்ல ஒருவர் என்ற ஒரே கருத்துதான். பௌத்தமும் சமணமும் படைப்புக் கடவுளை ஏற்காதவை என்பது ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். நமக்கு அருகிலிருக்கும் செல்வங்கள் அந்தப் பாடத்திட்டங்களில் இல்லை. வேதாந்தத்தின் அடிப்படை நூலான பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம், கடவுளிடம் பாரபட்சமும் கொடுமையும் உண்டு என்ற குற்றச்சாட்டை எடுத்து, உயிர்களின் வினைக்கேற்பவே அவர் செயல்படுகிறார் என்று பதில் தருகிறது. உடனேயே, படைப்புக்கு முன் வினை ஏது என்ற மறுப்பையும் எழுப்பி, பிறவிச் சுழலுக்குத் தொடக்கமே இல்லை என்கிறது. சைவ சித்தாந்த நூலான மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்டது. முதல் சூத்திரமே, தோன்றி நின்று ஒடுங்கும் உலகிலிருந்து தொடங்கி, அதை ஒடுக்குபவனே முதல்வன் என்று முடிக்கும் வாதம். அக்வைனஸும் உலகிலிருந்தே தொடங்குகிறார் என்றாலும், இங்கே இறைவன், உயிர், உயிரைக் கட்டும் தளையாகிய பாசம் மூன்றுமே தொடக்கமற்றவை என்பதால் தீமைச் சிக்கல் முற்றிலும் வேறு உருவம் கொள்கிறது. மெக்கியின் மூன்று கூற்றுகளை இந்த நூலின் முன் வைத்துப் பார்ப்பது ஒரு பருவம் முழுவதும் நடத்தத் தக்க பாடம். அதை நடத்தும் பள்ளிகள் மிகச் சிலவாகவே இருக்கும். எனினும் இந்தக் குறையை நிரப்ப முடியும். வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்ட மாணவருக்கு இன்னொரு மரபின் நூலை நீட்டினால் போதும்.

இளைய வகுப்புகளுக்கு இதே பரிந்துரையைச் செய்யும் அனுபவம் எனக்கு இல்லை. பன்னிரண்டு, பதிமூன்று வயதில் தீமை பற்றிய வாதங்கள் சிந்தனையைத் தூண்டுமா, கலக்கத்தைத் தருமா என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறக்கூடும். வகுப்பில் எல்லோரும் ஒரே நம்பிக்கையைச் சேர்ந்தவர்களாக இருக்கும் பள்ளிகளிலும் நான் படித்ததில்லை. எதிர்த்தரப்பைப் பேச ஆளே இல்லாத அறையில் மெய்யியல் வெறும் தற்காப்புப் பயிற்சியாகச் சுருங்கிவிடலாம் என்று ஊகிக்கிறேன், அவ்வளவுதான்.

எனவே தேர்வு செய்வதற்கு முன் அந்தந்தப் பாடத்தின் பழைய வினாத்தாள்களைப் பார்ப்பது நல்லது. மெய்யியல் தாளிலும் ‘விளக்குக’ என்பவை மட்டுமே நிறைந்து, ‘மதிப்பிடுக’ என்பவை அருகியிருந்தால் நான் மேலே சொன்ன நன்மை பெருமளவு இல்லாமல் போகும். மூலநூல் பக்கங்களை வகுப்பில் படிப்பார்களா, சுருக்கக் குறிப்புகளோடு நின்றுவிடுவார்களா என்று ஆசிரியரிடம் நேராகவே கேட்கலாம். பள்ளியில் சமயவியல் நடத்துபவர் ஒரு சமயத்தின் நூலையாவது மூலமொழியில் படித்தவராக, உட்பிரிவுகளின் கருத்து வேறுபாடுகளை மறைக்காமல் பேசுபவராக, மாணவர்களை வழிபாட்டிடங்களுக்கு அழைத்துச் சென்று அங்குள்ளவர்களிடமே கேள்வி கேட்க விடுபவராக இருந்தால், என் பரிந்துரையை ஒதுக்கிவிட்டு அவருடைய வகுப்பில் சேருங்கள்.