செஸ்னா 172 வாங்குவதா, பைப்பர் ஆர்ச்சர் வாங்குவதா?

அமெரிக்காவில் பழைய நான்கு இருக்கை விமானம் ஒன்றைச் சொந்தமாக வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் கடைசியில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். இறக்கை தலைக்கு மேலே இருக்கும் செஸ்னா 172. இறக்கை இடுப்புக்குக் கீழே இருக்கும் பைப்பர் ஆர்ச்சர். நான் பறக்கக் கற்றுக்கொண்டது 172இல். இப்போது டெக்ஸாஸில் இரண்டு நண்பர்களோடு பங்கு சேர்ந்து வைத்திருப்பது ஒரு ஆர்ச்சர் 2. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்றுக்கொள்ள 172க்கு ஈடு கிடையாது. சொந்தமாக வைத்துக்கொள்ள ஆர்ச்சர்தான் மேல். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அது எந்தத் தொட்டியிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் குமிழைப் பற்றியது. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

172 விற்பனைக்கு வந்தது 1956இல். இதுவரை 44,000க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். உலகில் வேறெந்த விமானமும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. அதற்குப் போட்டியாக, புளோரிடாவின் வீரோ பீச் தொழிற்சாலையிலிருந்து 1961இல் வெளிவந்தது ஆர்ச்சரின் மூதாதையான பைப்பர் செரோக்கி. ஃபிரெட் வைக், ஜான் தார்ப், கார்ல் பெர்கி ஆகிய மூவரும் சேர்ந்து வடிவமைத்தது. தொடக்கத்தில் அதன் இறக்கை பலகையைப் போல நீள்சதுரமாக இருந்தது. 1974இல் வாரியர் மாதிரியில் முனை நோக்கிக் குறுகும் இறக்கை வந்தது. 1976இல் ஆர்ச்சர் 2 அதையே எடுத்துக்கொண்டது. ஒப்பிடுவது நியாயமாக இருக்க வேண்டும் என்பதால், 1977 முதல் 1980 வரை வந்த 172என் மாதிரியையும் அதே வயதுள்ள ஆர்ச்சர் 2ஐயும் எடுத்துக்கொள்கிறேன். முன்னது 160 குதிரைசக்தி, பின்னது 180.

அந்த இருபது குதிரைசக்தி வேகத்தில் பெரிதாகத் தெரியாது. 172 மணிக்கு 110 கடல் மைலுக்கு அருகில் போகும், ஆர்ச்சர் 120க்கு அருகில். எரிபொருள் முன்னதற்கு மணிக்கு எட்டரை கேலன், பின்னதற்குப் பத்து. மைல் கணக்கில் பார்த்தால் செலவில் உள்ள வித்தியாசம் சிறியது. உண்மையான வித்தியாசம் சுமையில் இருக்கிறது. 172என் புறப்படும்போது இருக்கக்கூடிய மொத்த எடை 2,300 பவுண்டு. ஆர்ச்சர் 2க்கு 2,550. விமானத்தின் சொந்த எடையைக் கழித்து, தொட்டிகளை நிரப்பி, ஒரு கேலனுக்கு ஆறு பவுண்டு என்று கணக்குப் போட்டால், 172இல் ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் மிஞ்சுவது ஏறக்குறைய 590 பவுண்டு. ஆர்ச்சரில் 650ஐத் தாண்டும். முதலாவதில் வளர்ந்தவர்கள் மூன்று பேர், அதோடு சரி. இரண்டாவதில் கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், இரண்டு நாள் துணிமணி. ஒரு ஆகஸ்ட் மதியத்தில், தார் கொதிக்கும் ஓடுதளத்தில், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும். சூடான காற்று மெலிந்து கிடக்கும். மிச்சம் இருக்கும் ஒவ்வொரு குதிரைசக்தியும் அப்போது வேண்டும்.

என்ஜினைப் பொறுத்தவரை இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியது உண்டு. 172என்னில் லைகாமிங் நிறுவனம் பொருத்திய ஓ-320-ஹெச்2ஏடி என்ற மாதிரிக்கு, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டும் அதைத் தொட்டு இயங்கும் பாகங்களும் சீக்கிரம் தேய்கின்றன என்ற கெட்ட பெயர் வந்தது. பிறகு திருத்தங்கள் செய்தார்கள். எண்ணெயில் தனிக் கலவை சேர்க்கவும் உத்தரவு வந்தது. 1981இல் 172பி வந்தபோது அந்த என்ஜினையே கைவிட்டுவிட்டார்கள். ஆர்ச்சரின் ஓ-360க்கு அப்படியொரு வரலாறு இல்லை. ஆனாலும் இரண்டுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு. லைகாமிங் என்ஜினில் கேம் தண்டு உச்சியில் இருக்கிறது. விமானம் வாரக்கணக்கில் ஹாங்கரில் சும்மா நின்றால் எண்ணெய் முழுவதும் கீழே வடிந்து, அந்தத் தண்டு வறண்டு துருப்பிடிக்கும். இரண்டு என்ஜின்களையும் 2,000 மணி நேரத்தில் பிரித்துப் புதுப்பிக்கச் சொல்கிறது தயாரிப்பாளரின் பரிந்துரை. "புதுப்பித்து 400 மணி நேரம்தான் ஆகிறது" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் ஆசைப்படாதீர்கள். அந்த 400 மணி எத்தனை ஆண்டுகளில் ஓடியது என்று பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். இருபது ஆண்டுகளில் ஓடியது என்றால், நான்கு ஆண்டுகளில் 1,200 மணி ஓடிய என்ஜினை நான் அதைவிட அதிகம் நம்புவேன்.

ஆர்ச்சரின் பக்கம் என்னை முழுமையாகச் சாய்த்தது ஒரு சின்ன விஷயம். அதன் என்ஜின் மூடியின் பக்கவாட்டுக் கொக்கிகளை விடுவித்தால் மூடி கையோடு வந்துவிடும். பறக்கும் முன் ஒவ்வொரு முறையும் நான்கு சிலிண்டர்களையும், தீப்பொறிக் கம்பிகளையும், எண்ணெய்க் குழாய்களையும் கண்ணால் பார்க்கலாம். 172இல் எண்ணெய் அளக்கும் சிறிய கதவு மட்டும்தான் திறக்கும். மற்றதைப் பார்க்கத் திருகாணி கழற்ற வேண்டும். ஒரு காலையில் மூடியைத் திறந்தபோது, புகைக் குழாய் சிலிண்டரோடு சேரும் இடத்தில் மெல்லிய சாம்பல் நிறக் கோடு ஒன்று தெரிந்தது. வாயு கசிகிறது என்பதற்கான அடையாளம் அது. அன்று பறக்கவில்லை. புகைக் குழாயைச் சுற்றி வரும் காற்றுதான் குளிர்காலத்தில் கேபினைச் சூடாக்குகிறது. அங்கே ஓட்டை விழுந்தால் கார்பன் மோனாக்சைடு நம் மூக்குக்குத் தெரியாமலே உள்ளே வந்துவிடும்.

இனி அந்தக் குமிழ். 172இன் தொட்டிகள் தலைக்கு மேலே இறக்கைகளுக்குள் இருக்கின்றன. எரிபொருள் தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு இறங்குகிறது. 172என்னுக்குப் பம்பே கிடையாது. இருக்கைகளுக்கு நடுவில் தரையில் உள்ள குமிழை "இரண்டும்" என்று வைத்துவிட்டால் இறங்கும் வரை அதைத் தொட வேண்டாம். ஆர்ச்சரின் தொட்டிகள் என்ஜினைவிடத் தாழ்வாக இருக்கின்றன. பம்பு உறிஞ்சித்தான் மேலே ஏற்ற வேண்டும். இரண்டு தொட்டிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் உறிஞ்சினால், ஒன்று காலியானதும் பம்பு காற்றைத்தான் இழுக்கும். அதனால் ஆர்ச்சரின் குமிழில் இடம், வலம் என்று மட்டுமே உண்டு. நாம்தான் மாற்ற வேண்டும். அந்தக் குமிழும் விமானியின் இடது காலுக்குப் பக்கத்தில், சுவரோரம், எளிதில் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது.

இதை மறந்து, ஒரு தொட்டி முழுக்க எரிபொருளோடு வயலில் இறங்கியவர்கள் உண்டு. உயிரிழந்தவர்களும் உண்டு. இதைச் சிறு குறையாகக் கடந்துபோக என்னால் முடியாது. நான் கடைப்பிடிப்பது பல விமானிகளின் பழைய வழக்கம்: கடிகாரத்தின் நிமிட முள் வலப் பாதியில் இருந்தால் வலத் தொட்டி, இடப் பாதியில் இருந்தால் இடத் தொட்டி. மாற்றும் முன் மின்சாரப் பம்பைப் போடுவேன். மாற்றிய பிறகு அழுத்தமானியைப் பார்த்துவிட்டு, அடியில் இறங்குவதற்கு ஏற்ற சமவெளி இருக்கிறதா என்றும் பார்ப்பேன். இந்த ஒழுங்கு உங்களுக்கு வராது என்று உள்மனம் சொன்னால், தயங்காமல் 172ஐ வாங்குங்கள்.

இரண்டுக்கும் உயிர் சம்பந்தப்பட்ட ஆய்வுகள் ஒவ்வொன்று உண்டு. 2018 ஏப்ரல் 4 அன்று டேட்டோனா பீச்சில் ஒரு பயிற்சி விமானத்தின் இறக்கை வானத்தில் பிரிந்து இருவர் இறந்தார்கள். அது ஆர்ச்சரின் நெருங்கிய உறவான பைப்பர் ஏரோ. இறக்கையின் முதன்மைச் சட்டத்தில், போல்ட் துளையில், உலோகச் சோர்வால் விரிசல். அதன் பிறகு 2021இல் அமெரிக்க விமானத்துறை, அதிகம் உழைத்த செரோக்கி வகை விமானங்களில் அந்தத் துளைகளைச் சுழல் மின்னோட்டச் சோதனையால் ஆராய உத்தரவிட்டது. பயிற்சிப் பள்ளியில் நெடுங்காலம் உழைத்த ஆர்ச்சர் என்றால், அந்தச் சோதனையின் சான்று இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 172இல் பார்க்க வேண்டியது இருக்கைத் தண்டவாளம். அதன் துளைகள் தேய்ந்தால் இருக்கையைப் பூட்டும் ஊசி பிடிக்காது. புறப்படும் நேரத்தில் இருக்கை பின்னால் வழுக்கும், கையிலுள்ள கட்டுப்பாட்டுச் சக்கரமும் கூடவே வரும், மூக்கு மேலே தூக்கும். 172இல் உட்கார்ந்ததும் உடம்பை முன்னும் பின்னும் அசைத்து, ஊசி விழுந்ததை உறுதி செய்வது எனக்கு இன்றும் பழக்கம்.

வசதியில் 172க்கே என் வாக்கு. இரண்டு கதவு, திறக்கும் ஜன்னல், வெயிலுக்கும் மழைக்கும் இறக்கையே குடை. ஆர்ச்சருக்கு வலப்பக்கம் ஒரே கதவு. வயதான பெற்றோர் இறக்கையின் மேல் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். எரிபொருள் அளவைப் பார்க்க மட்டும் ஆர்ச்சரில் ஏணி வேண்டாம். தரை இறக்கும்போது வேகம் சற்றுக் கூடினாலும் ஆர்ச்சர் ஓடுதளத்தின் மேல் மிதந்துகொண்டே போகும். அதற்கு ஈடாக, அகலமான சக்கர அமைப்பு குறுக்குக் காற்றில் உறுதியாக நிற்கும். இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் ஃபிளாப்பை இழுக்கக் காரின் கை பிரேக்கைப் போன்ற நெம்புகோல். மோட்டாரும் இல்லை, பழுதும் குறைவு.

கருவிகளில் இரண்டுக்கும் வேறுபாடு குறைவு. கார்மின் ஜி5 திரைகளும் ஜிஎஃப்சி 500 ஆட்டோபைலட்டும் இரண்டிலுமே அனுமதி பெற்றவை. 2020 ஜனவரி 1 முதல் பெருநகர வான்பரப்பில் கட்டாயமான, விமானத்தின் இருப்பிடத்தைத் தானாகவே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி கருவி ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பணம் குறைவாக இருந்தால் வண்ணத் திரைக்கு முன்னால் மூன்று பொருட்களை வாங்கச் சொல்வேன்: ஒவ்வொரு சிலிண்டரின் வெப்பத்தையும் காட்டும் என்ஜின் மானி, தோள்பட்டை வார், ஒலி எழுப்பும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி.

172இன் கூரை நிழலும் வேண்டும், ஆர்ச்சரின் சுமையும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பழைய 172இல் 180 குதிரைசக்தி என்ஜின் மாற்ற அங்கீகரிக்கப்பட்ட திட்டங்கள் உண்டு. அப்படி மாற்றியவற்றுள் சிலவற்றுக்கு மொத்த எடை 2,550 பவுண்டு வரை உயர்கிறது. விற்பனைக்கு வருவது அரிது, வந்தால் விலையும் கூடுதல். அப்படி ஒன்று கிடைத்தால், அந்த விமானத்தை அதுவரை தொட்டிராத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய், சிலிண்டர்களுக்குள் கேமரா விட்டுப் பார்த்து, பதிவேடுகளை முதல் பக்கத்திலிருந்து படித்த பிறகு விலை பேசுங்கள்.