விஸ்கி மஸ்டர்டா, வீட்டில் அரைத்த கடுகா?

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் பெட்டியில் இப்போதெல்லாம் சொக்லேட்டோடு விஸ்கி மஸ்டர்ட்டும், அதாவது விஸ்கி சேர்த்த கடுகு விழுதும் வருகிறது. கட்டைப் போத்தல், தங்க எழுத்து, உள்ளே கடுகு மணி மணியாகத் தெரியும். கொழும்பின் பெரிய சுப்பர்மார்க்கெட்டில் அதைத் தேடினால் விலையைப் பார்த்ததும் கை தானாகப் பின்வாங்கும். அந்த விலைக்கு அதில் என்ன இருக்கிறது? அச்சாற்றுக்கு நம் வீட்டில் அரைக்கும் கடுகு அதற்கு ஈடு கொடுக்குமா?

முதலில் விஸ்கி. மதுசாரம் சேர்ந்தால் காரம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. முழுக் கடுகில் உறைப்பே இல்லை. அதை உடைத்து ஈரம் பட்டால்தான் உள்ளே தனித்தனியாக இருக்கும் சினிகிரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியமும் கலந்து, மூக்கில் ஏறும் அந்த எண்ணெய் பிறக்கிறது. புளிப்பும் சரி, மதுசாரமும் சரி, அந்த நொதியத்தை அடக்குபவை. சூடும் அப்படித்தான், தாளிதத்தில் வெடிக்கும் கடுகு கண்ணைக் கரிக்காமல் வாசனையோடு நின்றுவிடுவது அதனால்தான். ஆகவே விஸ்கியிலும் வினாகிரியிலும் ஊறி, அரைகுறையாக உடைந்த கடுகு சாதுவாகத்தான் இருக்கும். மஞ்சள் கடுகும் கலந்திருந்தால் இன்னும் சாது, ஏனென்றால் அதன் காரம் நாக்கோடு நின்றுவிடும், மூக்குக்கு ஏறாது.

அப்படியானால் காசு எதற்கு? பல்லில் படும்போது டப்பென்று உடையும் மணிகளுக்கு. பிறகு மோல்ட்டும் (முளைக்க வைத்து உலர்த்திய தானியம்) மரப்பீப்பாயும் கலந்த ஒரு வாசனைக்கு. குளிர்ந்த ஹாம், உப்பிட்ட மாட்டிறைச்சி, காரமான சீஸ் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் அது அருமை. கட்லட்டுக்கு வைத்தால் காணாமல் போய்விடும். உள்ளே மிளகும் பச்சை மிளகாயும் இருக்கும் ஒரு பண்டத்துக்கு முன்னால் அது என்ன செய்யும், பாவம்.

அம்மிக் கடுகின் கதை வேறு. புறக்கோட்டையில் நிறுத்து வாங்கும் சின்ன பழுப்புக் கடுகு, உள்ளி, இஞ்சி, உப்பு, தேங்காய் வினாகிரி, கொஞ்சம் சீனி. மலாய் அச்சாற்றில் சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் பேரீச்சம்பழத்தையும் கட்டிப் பிடிப்பது இந்த அரைப்புத்தான். அரைக்கும் வரிசையில் ஒரு சூட்சுமம் உண்டு. பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்து, பத்து நிமிடம் விட்டு, அப்புறம் வினாகிரி ஊற்றினால் கண்ணில் தண்ணீர் வரும். தொடக்கத்திலேயே வினாகிரி என்றால் காரம் மெல்ல ஏறும், ஆனால் நாட்பட நிற்கும். எப்படி அரைத்தாலும் அன்றைக்கே தொட்டுப் பார்க்காதீர்கள், கசக்கும். சில நாள் மூடி வையுங்கள்.

இந்த இரண்டையும் எதிரும் புதிருமாக வைத்தாலும் அடிப்படை ஒன்றுதான். கடுகை எதில் நனைப்பது என்பதை அந்தந்த ஊர்ச் சரக்கே தீர்மானித்திருக்கிறது. ரோமர்கள் இன்னும் வைனாக மாறாத திராட்சைச் சாற்றில் கலந்தார்கள். பிரான்சின் டிஜோன் நகரில் 1856ஆம் ஆண்டு ஜான் நெஜோன் என்பவர் வினாகிரியை விட்டுவிட்டு காய்த் திராட்சையின் சாற்றைச் சேர்த்தார். அந்த ஊர் மஸ்டர்ட்டின் பேர் அதோடு ஓங்கியது. இங்கிலாந்துக்காரர் பொடியாக்கித் தண்ணீரில் குழைத்தார்கள். ஜெரமையா கோல்மன் நொரிச்சுக்குப் பக்கத்தில் 1814இல் தொடங்கிய வியாபாரம்தான் பிறகு நம் ஊர் அலுமாரிகளிலும் மஞ்சள் டின்னாக வந்து உட்கார்ந்தது. காரத்துக்கு மட்டும் என்றால் அந்தப் பொடியே போதும், விஸ்கி போத்தல் அதற்குக் கிட்ட வராது. டிஜோன் என்று எழுதியிருப்பதால் கடுகும் அங்கே விளைந்தது என்று நம்ப வேண்டாம். பெரும்பங்கு கனடாவிலிருந்து போகிறது. 2021இல் அங்கே வறட்சி வந்து, அடுத்த வருடம் பிரான்சுக் கடைகளிலேயே மஸ்டர்ட் தட்டுகள் காலியாகின.

ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் கைக்கெட்டிய சரக்கு விஸ்கி. நம் கைக்கெட்டியது தென்னை. கள்ளிலிருந்து வினாகிரியும் சாராயமும் இரண்டுமே வருகின்றன. அதனால் என் ஓட்டு மூன்றாவது ஒன்றுக்கு: வீட்டுக் கடுகு அரைப்பில் ஒரு பங்கு மணியை உடைக்காமல் ஊற வைத்துச் சேர்த்து, நல்ல பழைய தென்னஞ்சாராயம் ஒரு மேசைக்கரண்டி விடுவது. பீப்பாயில் கிடந்த சாராயத்துக்கு விஸ்கிக்குச் சற்றும் குறையாத வாசனை உண்டு. காரம் எடுத்த பிறகு கடைசியில் ஊற்றினால் உறைப்பும் போகாது.

ஒரு சங்கதி மறக்கக் கூடாது. கொழும்பில் மேசைக்கு வருபவர்களில் மதுசாரம் தொடாதவர்கள் நிறைய. அவர்களுக்கு விஸ்கி போத்தலும் ஆகாது, சாராயக் கடுகும் ஆகாது. தனிப் போத்தலில் வெறும் வினாகிரிக் கடுகை வைத்துவிட்டு, எது எதுவென்று பேர் எழுதி ஒட்டுங்கள்.

பரிசாக வந்தால் விஸ்கி மஸ்டர்ட்டைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்குவதானால் போத்தலின் பின்பக்கத்தைப் படியுங்கள்: விஸ்கி எத்தனை வீதம் என்று போட்டிருக்கிறதா, அல்லது வெறும் சுவையூட்டி மட்டுமா? சுவையூட்டி என்றால் அப்படியே கடைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு, அதே காசுக்கு வருடம் முழுக்க அரைக்கக் கடுகு வாங்கிக்கொள்ளலாம்.