புளியரை ஏற்றத்தில் நின்ற வண்டி

2005 மாடல் 100 சிசி வண்டி, கிக்கர் மட்டும்தான். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு வாரம் இரண்டு முறை இதில்தான் போய் வருகிறேன். இன்ஜின் இதுவரை கையைக் கடித்ததில்லை. பெட்ரோல் தொல்லைதான் ஒன்றரை வருடம் அலைய வைத்தது.

காலையில் இருபது உதை உதைத்தாலும் கிளம்பாது. கிளம்பினாலும் புளியரை எஸ் வளைவு தாண்டுவதற்குள் திணறி நின்றுவிடும். இரண்டும் ஒரே கோளாறு என்று நினைத்துப் பிளக், காயில் எல்லாம் மாற்றியாயிற்று. கார்புரேட்டரையே புதிதாகப் போடு என்றார்கள்.

அன்று ஏற்றத்தில் நின்றபோது, ஆரியங்காவில் பட்டறை வைத்திருக்கும் ஒரு சேட்டன் அந்த வழியே வந்தார். "டேங்கின்டெ மூடி ஒந்நு துறந்நு நோக்கு" என்றார். திறந்ததும் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. கொஞ்சம் பொறுத்து உதைத்தேன், வண்டி கிளம்பிவிட்டது! மூடியில் இருக்கும் காற்றுத் துளையைத் துருவும் தூசியும் அடைத்திருந்தன. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் இறங்காது. டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்று கொஞ்சம்தான், அதனால் இன்னும் சீக்கிரம் நிற்கும். கேரளாவில் பெட்ரோல் விலை கூடுதல் என்பதால் எல்லை தாண்டும் முன்பே செங்கோட்டையில் டேங்கை நிரப்பிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். போகும்போது மட்டும் நின்று, திரும்பும்போது ஒழுங்காக ஓடியதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. உங்கள் வண்டியும் ஓட்டத்தில் நின்று, பத்து நிமிடம் கழித்துத் தானாகக் கிளம்புகிறதா? பிளக்கைக் கழற்றும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்.

காலைத் தொல்லை வேறு. சாரல் மாதங்களில்தான் அது அதிகம். கிளம்பினாலும், குளிரில் கிளம்புவதற்காக இழுத்த சோக்கைத் திரும்பத் தள்ளியவுடன் அணைந்துவிடும். கார்புரேட்டர் அடியில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்திக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தேன். பெட்ரோலுக்கு அடியில் கலங்கலாக ஒரு படலம், அதில் செம்மண் போலத் துரு. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். அந்தத் துருதான் ஸ்லோ ஜெட்டை, அதாவது ஆக்ஸிலேட்டர் கொடுக்காதபோது இன்ஜினுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளைக் குழாயை, அடைத்திருந்தது. அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தயவுசெய்து கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனர் ஸ்பிரேயும் காற்றும் போதும்.

அப்புறம் விறைத்துப்போன பெட்ரோல் டியூபை மாற்றி, ஒரு சின்ன ஃபில்டரும் போட்டேன். இரவில் பெட்ரோல் டேப்பை மூடிவிடுகிறேன், மாதம் ஒருமுறை கார்புரேட்டரை வடித்துவிடுகிறேன். இரண்டு சாரல் போயிற்று. காலையில் மூன்றாவது உதையைத் தாண்டியதில்லை. டேங்கின் உள்துரு மட்டும் பாக்கி. வெயில் வந்ததும் கழற்றிக் கழுவ வேண்டும்.