ஏழு நாளா, இருபத்தெட்டு நாளா? பாப்புவா நியூ கினிக்கு எந்த மலேரியா மாத்திரை

முதலில் குளோரோகுயினைக் கழித்துவிடலாம். மலேரியா என்றதும் நம் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருகிற மாத்திரை அதுதான். மலிவு, வாரம் ஒருமுறை போட்டால் போதும். ஆனால் பாப்புவா நியூ கினியில் மலேரியாக் கிருமிகளில் உயிரைப் பறிக்கும் ஃபால்சிபாரம் வகை அதற்கு மசிவதில்லை. விவாக்ஸ் வகையும் அப்படித்தான். குளோரோகுயினை எதிர்த்து நிற்கும் விவாக்ஸ் முதன்முதலாக 1989-ல் பதிவானதே இந்த நாட்டில்தான். ஆகவே தேர்வு நான்குக்குள்: அட்டோவாகுவோன்-புரோகுவானில் கூட்டு மாத்திரை, டாக்சிசைக்ளின், மெஃப்ளோகுயின், டஃபெனோகுயின்.

மாத்திரையே வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. "மலைப்பகுதிக்குத்தானே போகிறோம், குளிருக்குக் கொசு ஏது" என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அங்கே 2000 மீட்டர் உயரத்துக்குக் கீழே உள்ள எல்லா இடமும் மலேரியாப் பகுதிதான். கொரோக்கா ஏறத்தாழ 1600 மீட்டரில் இருக்கிறது, மவுண்ட் ஹாகன் 1700-க்குச் சற்றுக் குறைவு. ஸ்வெட்டர் போடுகிற ஊர்கள், ஆனாலும் மாத்திரை வேண்டும். தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்கும் விலக்கு இல்லை. 96 கிலோமீட்டர் கோகோடா தடத்தில் நடப்பவர்களுக்கு உச்சியில் மட்டும்தான் 2000 தாண்டும், இரண்டு முனைகளும் தாழ்வான காடு.

வித்தியாசம் கல்லீரலில் தொடங்குகிறது

கொசு கடித்ததும் கிருமி நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு வாரமோ அதற்கு மேலோ பெருகிவிட்டுத்தான் ரத்தத்துக்கு வருகிறது. அட்டோவாகுவோன்-புரோகுவானில் ஃபால்சிபாரத்தைக் கல்லீரலிலேயே பிடித்துவிடும். அதனால் ஊர் திரும்பியபின் 7 நாள் போட்டால் போதும். டாக்சிசைக்ளினும் மெஃப்ளோகுயினும் கிருமி ரத்தத்துக்கு வந்தபின்தான் அடிக்கின்றன. கடைசி நாளில் கடித்த கொசுவின் கிருமியும் வெளியே வந்து தீரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் 4 வாரம்.

14 நாள் பயணத்துக்கு எண்ணிப் பாருங்கள். கூட்டு மாத்திரை: கிளம்பும் முன் 2, அங்கே 14, திரும்பியபின் 7, மொத்தம் 23. டாக்சிசைக்ளின்: 2, 14, 28, மொத்தம் 44. மெஃப்ளோகுயினை இரண்டு வாரம் முன்பே தொடங்கினால் வாரத்துக்கு ஒன்றாக 9. டாக்சிசைக்ளினின் 44-ல் 28 வீட்டில் உட்கார்ந்து போடுகிறவை. உடம்பில் ஒன்றும் இல்லை, பெட்டியைக்கூடப் பிரித்து அடுக்கியாயிற்று, வேலைக்கும் போயாயிற்று. பத்தாம் நாள் மாத்திரை அட்டை மேஜை இழுப்பறைக்குள் போய்விடும். இந்த மருந்து தோற்பதில் பெரும்பங்கு இங்கேதான். எது வீரியமான மாத்திரை என்று கேட்பதைவிட, எதைக் கடைசிவரை போடுவேன் என்று தன்னையே கேட்டுக்கொள்வது பயனுள்ளது.

மூன்று வாரத்துக்கு உட்பட்ட பயணமா, பணம் இடம் கொடுக்கிறதா, அப்படியானால் கூட்டு மாத்திரைதான் எங்கள் முதல் தேர்வு. பெரியவர்களுக்கு 250 மி.கி. அட்டோவாகுவோனும் 100 மி.கி. புரோகுவானிலும் சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று, ஒரே நேரத்தில். வெறும் வயிற்றில் போட்டால் பாதி வீண். அட்டோவாகுவோன் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஏறும். சாப்பாட்டோடோ ஒரு டம்ளர் பாலோடோ போட வேண்டும். போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று. சிறுநீரகம் மோசமாகப் பழுதுபட்டவர்களுக்கு இது ஆகாது, கர்ப்பிணிகளுக்கும் பரிந்துரைப்பதில்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்கள் உடம்பில் அட்டோவாகுவோன் அளவு இறங்கிவிடும். ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் ரத்தம் உறையும் நேரத்தைப் பரிசோதிக்க வேண்டும். விலை அதிகம், எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது தேட ஆரம்பித்தால் கிடைப்பதை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் ஒன்று. விலை மிகக் குறைவு, எங்கும் கிடைக்கும். இந்திய அரசின் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும் 6 வாரத்துக்கு உட்பட்ட பயணத்துக்கு இதைத்தான் சொல்கிறது, அதற்கு மேல் தங்குபவர்களுக்கு மெஃப்ளோகுயின். கூடுதல் லாபம் ஒன்று: எலிக்காய்ச்சலுக்கு எதிராகவும் ஓரளவு காக்கும். ஆறும் சேறுமாக நடக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இதில் கெடுவது பெரும்பாலும் விழுங்குகிற விதத்தில். ராத்திரி படுக்கப்போகும்போது ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுவிட்டுச் சாய்ந்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கிவிடும். மறுநாள் எச்சில் விழுங்கினாலே நெஞ்சு எரியும். அப்படி ஒருமுறை பட்டவர் அடுத்த மாத்திரையைத் தொட மாட்டார். காலைப் பலகாரத்தோடு, முழு டம்ளர் தண்ணீரில், பிறகு அரைமணி நேரமாவது சாயாமல். இரும்புச்சத்து, கால்சியம், அல்சர் ஜெல் எதுவானாலும் இரண்டு மூன்று மணி தள்ளி. வெயில் இரண்டாவது சிக்கல். தோல் சீக்கிரம் கன்றிச் சிவக்கும். கருத்த தோலுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்ப வேண்டாம், படகில் நாலு மணி நேரம் போனால் தெரியும். முழுக்கை, தொப்பி, சன்ஸ்கிரீன். பெண்களுக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், அதற்கான மருந்தையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது.

மெஃப்ளோகுயின் 250 மி.கி., வாரம் ஒன்று. மாதக்கணக்கில் வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. 6 மாதத்துக்கு டாக்சிசைக்ளின் 200 மாத்திரையைத் தாண்டும், இது 30-ஐ ஒட்டி நிற்கும். கர்ப்பகாலத்தில் தவிர்க்க முடியாத பயணமானால் இருக்கிற வழியும் இதுதான். ஆனால் கெட்ட கனவு, தலைசுற்றல், காரணமில்லாத பதற்றம் வரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் இதற்குக் கட்டம்கட்டிய எச்சரிக்கையே போட்டது. மனச்சோர்வு, வலிப்பு, மனநோய் இருந்தவர்கள், இதயத் துடிப்பின் ஓட்டத்தில் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது. மில்னே விரிகுடா, கிம்பே விரிகுடா என்று முக்குளிக்கப் போகிறவர்களும் விட்டுவிடலாம், தண்ணீருக்கடியில் தலைசுற்றல் விளையாட்டல்ல. பக்கவிளைவு பெரும்பாலும் முதல் மூன்று மாத்திரைக்குள் தெரிந்துவிடும். அதனால் மூன்று வாரம் முன்பே தொடங்கினால், ஒத்துக்கொள்ளாதபோது வேறு மருந்துக்கு மாற நேரம் இருக்கும்.

டஃபெனோகுயின் 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கிளம்பும் முன் மூன்று நாள் தினமும் 200 மி.கி., பிறகு வாரம் ஒன்று, திரும்பியபின் ஒரே ஒரு தடவை. கல்லீரலில் தூங்கிக் கிடந்து மாதங்கள் கழித்துக்கூட எழும் விவாக்ஸையும் சேர்த்து அழிக்கும் என்பது இதன் தனிச்சிறப்பு, மற்ற மூன்றும் அதைத் தொடாது. காகிதத்தில் இதுதான் வெற்றியாளர். ஆனால் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை செய்யாமல் ஒரு மாத்திரைகூடப் போடக்கூடாது. "இருக்கிறது, இல்லை" என்று மட்டும் சொல்லும் சோதனை இதற்குப் போதாது. கடையில் கிடைப்பதும் சுலபமில்லை.

காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்ளலாமா?

தடுப்பு மாத்திரைக்குப் பதிலாக, மலேரியா வந்தபின் போடும் சிகிச்சை மாத்திரையான ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரினைப் பையில் வைத்துக்கொண்டு போகலாமே என்ற யோசனை அடிக்கடி எழும். இந்த நாட்டுக்கு இது மாற்றாகாது, துணையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். செபிக் ஆற்றோரம் போல, மருத்துவமனைக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும் இடத்துக்குப் போகிறவர்கள் ஒரு முழுச் சுற்று வைத்திருப்பது நியாயம். 35 கிலோவும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 24 மாத்திரை: ஒரு தடவைக்கு நான்கு, ஆறு தடவை. முதல் தடவைக்குப்பின் 8, 24, 36, 48, 60-வது மணிகளில், கொழுப்புள்ள உணவோடு. போட்டுவிட்டு மருத்துவமனையை நோக்கிக் கிளம்ப வேண்டும், குணமாகிவிட்டது என்று தங்கிவிடக்கூடாது. அந்த நாட்டுக்குள் போய் ஏழு நாள் ஆவதற்கு முன் வந்த காய்ச்சல் அங்கே தொற்றிய மலேரியாவாக இராது, டெங்கு போன்றவையாக இருக்கலாம். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும். இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் கூடாது.

வலையா, பூச்சா?

இரண்டும்தான் என்று சொல்லிவிட்டு நகரலாம், ஆனால் காரணம் சுவையானது. மருந்தூட்டிய வலை பரவியபின் இந்த நாட்டின் சில பகுதிகளில் கொசு கடிக்கும் நேரமே முன்னுக்கு வந்துவிட்டது. அதாவது நாம் வலைக்குள் போவதற்கு முன்பே. ஆகவே இருட்டத் தொடங்கியதும் தோலில் கொசுவிரட்டிப் பூச்சு இருக்க வேண்டும், படுக்கும்போது வலை.

பூச்சில் 20 முதல் 30 சதவீதம் டீட், அல்லது 20 சதவீதம் பிகாரிடின். காக்கும் திறனில் பெரிய வேறுபாடு இல்லை. டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும்: மூக்குக்கண்ணாடிச் சட்டம், கைக்கடிகாரக் கண்ணாடி, செயற்கை இழைத் துணி எல்லாம் பாழாகும். பிகாரிடின் அப்படிச் செய்யாது, வாடையும் குறைவு. கேமராவும் பைனாகுலருமாகப் போகிறவர்களுக்கு அதையே சொல்வோம். நம் கடைகளில் கிடைக்கும் கொசுக் களிம்புகளை வாங்கினால் அட்டையில் என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று படித்துவிட்டு வாங்குங்கள். வீரியம் குறைவானது சீக்கிரம் தீரும், அடிக்கடி பூச வேண்டும். சிட்ரோனெல்லா, வேப்பெண்ணெய் வாசத்தை நம்பி இங்கே இறங்கக்கூடாது. சன்ஸ்கிரீன் முதலில், அது காய்ந்தபின் பூச்சு. இரண்டும் கலந்த ஒரே டியூப் வேண்டாம், ஏனென்றால் சன்ஸ்கிரீனை அடிக்கடி பூச வேண்டும், பூச்சை அவ்வளவு பூசக்கூடாது. கால்சட்டைக்கும் சாக்ஸுக்கும் 0.5 சதவீத பெர்மெத்ரின் பூச்சிமருந்து தெளித்து முழுதாகக் காயவிட்டுப் போட்டுக்கொண்டால் ஏறத்தாழ ஆறு சலவை தாங்கும். அது துணிக்கு மட்டும், தோலுக்கு அல்ல. பூனை வளர்ப்பவர்கள் ஈரம் காயும்வரை அதைக் கிட்டே விட வேண்டாம். செருகி வைக்கும் திரவக் கொசுவிரட்டி மின்சாரம் இருக்கும் ஓட்டல் அறைக்குச் சரி, கிராமத்துத் தங்கலுக்கு உதவாது.

டஃபெனோகுயின் தவிர எதைப் போட்டு முடித்திருந்தாலும் தூங்கும் விவாக்ஸ் மிச்சம் இருக்கலாம். மாதக்கணக்கில் கிராமங்களில் தங்கித் திரும்பியவர்கள், ஜி6பிடி பார்த்தபின், அந்தத் தூங்கும் கிருமியை அழிக்க 14 நாள் பிரைமாகுயின் வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். திரும்பி ஓராண்டு வரை எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும் வாய் திறந்து சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், "பாப்புவா நியூ கினிக்குப் போய்வந்தேன்". முதல் ரத்தப் படலப் பரிசோதனையில் கிருமி தெரியவில்லை என்றால் அதோடு விடாமல், 12 முதல் 24 மணி இடைவெளியில் மொத்தம் மூன்று முறை பார்க்கச் சொல்லுங்கள். தடுப்பு மாத்திரை போட்டவர் ரத்தத்தில் கிருமி குறைவாக இருந்து முதல் தடவை கண்ணுக்குத் தப்பலாம்.