பழைய பிக்கப்பின் இழுவையும் மைலேஜும்: நெடுநாள் ஓட்டத்தில் எது பலித்தது, எது பலிக்கவில்லை

இருபது, முப்பது வருடம் ஓடிய பெட்ரோல் பிக்கப் மேட்டில் திணறும்போது, எதை மாட்டினால் இழுவை கூடும் என்ற தேடல்தான் முதலில் தொடங்குகிறது. அந்தத் தேடலில் போகும் பணத்தில் பெரும்பகுதி வீண். இத்தனை வயதான வண்டியில் தொழிற்சாலை கொடுத்த திறனே முழுதாக இருப்பதில்லை. கொஞ்சம் வால்வில், கொஞ்சம் பற்றவைப்பில், கொஞ்சம் பிரேக்கில் என்று கசிந்து போயிருக்கும். எடுத்துக்காட்டாக, டொயோட்டாவின் 22ஆர்-இ என்ஜின் 2.4 லிட்டர் கொண்டது. புதிதாக இருந்தபோதே அதன் திறன் ஏறக்குறைய 115 குதிரைத்திறன்தான். அதில் பத்து, பதினைந்து போனால் ஓட்டுபவருக்கு உடனே தெரியும். போனதை மீட்பது, புதிதாகக் கூட்டுவதைவிட மலிவு. பல ஆண்டு ஓட்டத்திலும் அது நிலைத்து நிற்கிறது. இந்தக் குறிப்பு அந்த வரிசையில்தான் போகிறது.

முதலில் அளவு. மைலேஜ் பார்க்க ஒரே பம்பில், முதல் தடவை தானாக நிற்கும் வரை மட்டும் நிரப்பி, குறைந்தது மூன்று டாங்க் சராசரி எடுக்க வேண்டும். ஒரு டாங்க் கணக்கை நம்பவே கூடாது. காற்றின் திசையும் நிரப்பும் அளவும் மாறினாலே விடை மாறிவிடும். இழுவைக்கு, மூன்றாம் கியரில் மணிக்கு 50 கி.மீ.யிலிருந்து 80 வரை ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, பக்கத்தில் இருப்பவர் நேரம் பார்க்கட்டும். சமதளச் சாலையில் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். சுமை இல்லாமல், ஏசி அணைத்து, ஒவ்வொரு தடவையும் அதே நிலையில். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். நான்கை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

செலவே இல்லாத சோதனை ஒன்று உண்டு. என்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதிக்க, இன்னொருவர் பானெட்டைத் திறந்து த்ராட்டிலை, அதாவது என்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் தகட்டை, பார்க்க வேண்டும். கேபிள் நீண்டு தொய்ந்திருந்தாலோ, பெடலுக்கு அடியில் கனமான மிதியடி கிடந்தாலோ த்ராட்டில் முழுக்கத் திறக்காது. கையால் தள்ளினால் இன்னும் திறக்கிறதென்றால், அவ்வளவு இழுவை கேபிள் நட்டில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. நட்டை இறுக்கும்போது பெடலை விட்ட நிலையில் கேபிளில் சிறிது தளர்வு இருக்க வேண்டும். இல்லையேல் ஐடிலிங் ஏறிவிடும்.

அடுத்தது என்ஜினின் சூடு. மைலேஜைப் பொறுத்தவரை, இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு திருப்பித் தரும் பாகம் தெர்மோஸ்டாட்டைப் போல வேறில்லை. கூலன்ட் சூடாகும் வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைத்து வைக்கும் வால்வு அது. வண்டி கிளம்பிப் பத்து நிமிடமாகியும் வெப்ப முள் கீழேயே நின்றால், அல்லது நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் முள் இறங்கினால், அது திறந்தபடி சிக்கியிருக்கிறது. ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தும் சொல்லலாம். நல்ல தெர்மோஸ்டாட் இருந்தால் ஹோஸ் சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடாகும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் பழுது. என்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைக்கும் வரை கூடுதல் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கூலன்ட் போதிய சூடு எட்டும் வரை ஓவர்டிரைவும் (என்ஜின் சுற்றைக் குறைக்கும் உயர் கியர்) டார்க் கன்வெர்ட்டர் லாக்-அப்பும் (என்ஜினையும் கியர்பாக்ஸையும் நழுவாமல் பூட்டுவது) விழாது. ஒரு சின்ன வால்வு இரண்டு பக்கமும் இழக்க வைக்கிறது.

புதிதை மாட்டும் முன் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. மேலே பொறித்திருக்கும் 82 அல்லது 88 டிகிரிக்கு அருகில் திறக்கத் தொடங்க வேண்டும். முழுக்கத் திறக்க மேலும் 10 முதல் 15 டிகிரி ஆகும். ஆடும் சிறு ஊசித் துளை மேல்பக்கம் வரும்படி மாட்டினால்தான் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். சூடு ஏறும் வண்டிக்கு மருந்தாகத் தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போடும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அது மைலேஜையும் தின்று, என்ஜின் தேய்மானத்தையும் கூட்டுகிறது. சூடு ஏறுவதற்கான காரணம் ரேடியேட்டரிலோ, வாட்டர் பம்பிலோ, ஃபேனிலோ அப்படியே உட்கார்ந்திருக்கும்.

தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தும் பெட்ரோல் குடித்தால், கம்ப்யூட்டருக்கான வெப்ப சென்சாரைப் பார்க்க வேண்டும். டாஷ்போர்டு முள்ளுக்கான சென்சார் வேறு, இது வேறு. பெரும்பாலும் இரண்டு ஒயர் உள்ளதுதான் கம்ப்யூட்டருக்குரியது. மல்டிமீட்டரில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அருகே காட்டுவது இந்த வகையில் பரவலான அளவு. சூடான பிறகும் ஓம் உயர்ந்தே இருந்தால், கம்ப்யூட்டர் எப்போதும் குளிர்கால விடியல் என்று எண்ணிக்கொண்டு பெட்ரோலைக் கொட்டும். கனெக்டரில் பிடித்த பச்சைப் பாசியே ஓமைக் கூட்டப் போதும். சென்சார் வாங்கும் முன் அதைச் சுத்தம் செய்யுங்கள்.

புகையில் மீந்த ஆக்சிஜனைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார் கெடுவது மெதுவாக நடக்கும், எச்சரிக்கை விளக்கும் எரியாது. நல்ல சென்சார் சூடான என்ஜினில் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் இடைவிடாமல் ஊசலாடும். சோம்பேறியான சென்சார் நடுவில் நின்று அசையும், அல்லது மேலேயே தங்கிவிடும். 1996 முதல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த வண்டிகளில் ஸ்கேனர் செருகும் ஓபிடி-2 சாக்கெட் இருக்கும். அதில் ஃபியூயல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ சரிசெய்கிறது என்பதை, பார்த்தால் பாதி நோய் தெரிந்துவிடும். கூட்டல் கழித்தல் 5 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 10-ஐத் தாண்டினால் தேட வேண்டும். ஐடிலிங்கில் கூட்டலாக இருந்து 2,500 சுற்றில் சரியாகிவிட்டால் எங்கோ வேக்கம் கசிவு, அதாவது அளக்கப்படாத காற்று உள்ளே நுழைகிறது. சுமை ஏற ஏறக் கூட்டலும் ஏறினால் ஃபில்டரோ பம்போ போதிய பெட்ரோல் தரவில்லை, அல்லது காற்றளவு சென்சார் அழுக்கு. சூடான கம்பி வகைச் சென்சாரை அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவ வேண்டும். கார்புரேட்டர் கிளீனர் அதைக் கெடுத்துவிடும்.

22ஆர்-இ போன்றவற்றில் கம்பிக்குப் பதில் தகடு வகை அளவி. அதற்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயின் மடிப்புகளை விரித்து, அடிப்பக்கம்வரை பார்க்க வேண்டும். அங்கே விடும் விரிசல் மேலிருந்து தெரியாது. என்ஜின் அசையும்போது மட்டும் திறந்து, அளக்கப்படாத காற்றை உள்ளே விடும். கிளம்பும்போது வண்டி ஒரு கணம் தயங்கி, பிறகு பாய்வதற்கு இது அடிக்கடி காரணமாகிறது.

ஏர் ஃபில்டரைப் பற்றி ஒரு நெடுநாள் நம்பிக்கை உண்டு. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தின் சோதனையின்படி, கம்ப்யூட்டர் உள்ள பெட்ரோல் வண்டியில் அடைத்த ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடுவதில்லை. வேகமெடுக்கும் நேரம்தான் 6 முதல் 11 சதவீதம் மேம்படுகிறது. கார்புரேட்டர் வண்டியில் இரண்டுமே சில சதவீதம் தேறும். ஃபில்டர் சுத்தமாக இருந்தால் போதும், கூம்பு வடிவ விலையுயர்ந்த ஃபில்டர் வேண்டியதில்லை. அதைத் திறந்த என்ஜின் அறையில் மாட்டினால் சூடான காற்றை இழுத்து, இருந்த இழுவையும் குறையும்.

பற்றவைப்புக்கு வந்தால், பிளக் இடைவெளி தேயத் தேய விரிகிறது. 22ஆர்-இக்கு 0.8 மி.மீ. அதைத் தாண்டினால் ஐடிலிங்கில் எதுவும் தெரியாது, முழுச் சுமையில்தான் தவறும். பிளக் ஒயர்களை இருட்டில் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் நீலப் பொறி எங்கே தாவுகிறதென்று தெரியும். டைமிங் (பொறி விழும் நேரம்) பார்க்கும்போது அதே என்ஜினில் சோதனைப் பெட்டியின் டிஈ1, ஈ1 முனைகளை இணைத்துவிட்டு 5 டிகிரி வைக்க வேண்டும். இணைக்காமல் 5 வைத்தால் டைமிங் பின்தங்கி, வண்டி மந்தமாகும். இந்த ஒரு தவறு பல வண்டிகளை வருடக்கணக்கில் சோம்பேறியாக்கி வைத்திருக்கிறது. கார்புரேட்டர் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் ஹோஸை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். காற்று நிற்காமல் வந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. சீரான ஓட்டத்தில் மைலேஜ் விழுவது அதனால்தான்.

டேப்பட்டும் (வால்வுக்கு விடும் இடைவெளி) அப்படியே. 22ஆர்-இக்குச் சூடான நிலையில் இன்டேக் 0.20 மி.மீ., எக்சாஸ்ட் 0.30 மி.மீ. சத்தம் வருகிறதே என்று இறுக்குபவர்கள் உண்டு. இறுகிய எக்சாஸ்ட் வால்வு இருக்கையில் சரியாக உட்காராமல் எரிந்துபோகும். சிறிது டக்டக் சத்தம் கேட்பதே நல்லது.

இத்தனையையும் ஒரே கருவியில் மேலோட்டமாகச் சோதிக்க, என்ஜின் உறிஞ்சும் வலுவைப் பாதரச அங்குலத்தில் காட்டும் வேக்கம் கேஜ் போதும். கடல்மட்டத்தில், சூடான ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஓர் அங்குலம் குறையும். அசையாமல் தாழ்ந்து நின்றால் டைமிங் தாமதம், அல்லது டைமிங் செயின் நீண்டு, வால்வைத் திறக்கும் கேம் பின்தங்கியிருக்கலாம். சீராகத் துடித்து விழுந்தால் ஒரு வால்வு பழுது. 2,500 சுற்றில் பிடித்து வைத்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரோ சைலன்சரோ அடைத்திருக்கிறது. அடைத்த வண்டி ஐடிலிங்கில் நன்றாகவே நிற்கும், வேகத்தில் மட்டும் செத்துப்போகும்.

என்ஜின் சரியாகிவிட்டால் உருளுவதைப் பார்க்கலாம். ஒரு நீண்ட ஓட்டத்தின் கடைசியில் பிரேக் அதிகம் மிதிக்காமல் வந்து நிறுத்தி, நான்கு சக்கர மையத்தையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தால், ஒன்று மட்டும் தனியாகச் சூடாக இருப்பது தெரியும். பெரும்பாலும் பிரேக் பேடை அழுத்தும் கேலிப்பரின் பின்கள் காய்ந்து இறுகியிருக்கும், அல்லது ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்துத் திரும்பாமல் நிற்கும். பழைய பிரேக் ஹோஸ் உள்ளே வீங்கினால் எண்ணெய் போகும், திரும்பாது. கேலிப்பரின் ப்ளீடரை (காற்று நீக்கும் திருகு) திறந்ததும் சக்கரம் சட்டென்று விடுபட்டால் அழுத்தம் சிக்கியிருக்கிறது. அதற்கு முந்தைய இணைப்பைத் தளர்த்தியும் விடுபடவில்லை என்றால் ஹோஸ்தான். நான்கு சக்கர இழுவை வண்டியில் முன் ஹப்பைக் கையால் பூட்டுபவர்கள் தார்ச்சாலைக்கு வந்ததும் திறக்க மறக்கக் கூடாது. மறந்தால் முன் ஆக்சில் முழுவதையும் வண்டி வீணாகச் சுழற்றிக்கொண்டே போகும்.

டயர்தான் பலரும் தெரியாமலேயே பிக்கப்பைக் கொன்றுவிடும் இடம். 225/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 718 மி.மீ. அதை எடுத்துவிட்டு 31 அங்குல டயர் போட்டால் 787 மி.மீ., அதாவது ஏறக்குறைய 9.6 சதவீதம் பெரிது. ஆக்சிலில் உள்ள கடைசிப் பற்சக்கர ஜோடியான கிரவுன் பினியனின் விகிதம் 4.10 என்றால், இப்போது வண்டி 3.74 போட்டதைப் போல நடந்துகொள்ளும். ஐந்தாம் கியர் பெயருக்குத்தான் இருக்கும், சின்ன மேட்டுக்கும் நான்காம் கியர் தேவைப்படும். இன்னொரு ஏமாற்றும் இதில் உண்டு. 100 கி.மீ. ஓடினால் மீட்டர் 91 தான் காட்டும். மைலேஜ் கணக்குப் போடும்போது ஓடிய தூரத்தில் 9 சதவீதம் காணாமல் போகும். ஜிபிஎஸ் வைத்துத் திருத்திக்கொண்ட பிறகே மைலேஜ் விழுந்ததா என்று பேச வேண்டும்.

பெரிய டயர் வேண்டியே இருந்தால் கிரவுன் பினியனை 4.56 ஆக மாற்றுவதுதான் நேர்வழி. பழைய இழுவை கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பும். முன், பின் இரண்டு ஆக்சிலிலும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நான்கு சக்கரத்தைப் போட்டதும் இரண்டு ஆக்சிலுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நொறுங்கும். புதுப் பற்கள் முதலில் குறுகிய ஓட்டங்களில் சூடாகி ஆற வேண்டும், சுமை கூடாது, 800 கி.மீ. அளவில் எண்ணெய் மாற்ற வேண்டும். பல்லுக்குப் பல் இடைவெளியை டயல் கேஜில் அளக்காத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்கவே வேண்டாம். வேலையும் செலவும் பெரிது என்பதால், மண்பாதை அவசியமில்லாதவர்கள் தொழிற்சாலை அளவு நெடுஞ்சாலை டயருக்குத் திரும்புவதையே நான் சொல்வேன். சராசரிக் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் வரை போகும். சிறிதுதான், ஆனால் பத்து பிஎஸ்ஐ குறைவாக ஓடும் பிக்கப்புகள் ஏராளம்.

ரேடியேட்டர் ஃபேனின் கிளட்ச் இறுகிப் பூட்டிக்கொண்டால், எல்லா வேகத்திலும் விமானம்போல் இரையும். சில குதிரைத்திறன் அங்கேயே போகிறது. சூடான என்ஜினை அணைத்ததும் ஃபேன் சீக்கிரம் நிற்பதும், குளிர்ந்த என்ஜினில் கையால் சுழற்றினால் லேசான எதிர்ப்பு இருப்பதும் நல்ல அறிகுறி. எண்ணெயில் கையேடு சொல்லும் தரத்தை மீறிக் கெட்டியானதை ஊற்ற வேண்டாம், 1 முதல் 2 சதவீதம் அதிலேயே போகிறது. கியர்பாக்ஸில் கையேடு ஜிஎல்-4 கேட்டால் அதையே ஊற்றுங்கள். பல ஜிஎல்-5 எண்ணெய்கள் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாதவை.

பின் கதவைத் திறந்துபோட்டு ஓட்டினால் மைலேஜ் கூடும் என்பது பலிக்கவில்லை. கதவு மூடியிருக்கும்போது தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கி, மேலே வரும் காற்றை அதன் மீது வழுக்கிப் போகவிடுகிறது. திறந்தால் அந்தச் சுழல் கலைகிறது. கூரை கேரியரைக் கழற்றுவதிலும் வேகத்தைக் குறைப்பதிலும்தான் நிஜமான லாபம். 100-லிருந்து 115-க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு 32 சதவீதம் கூடுகிறது.

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், த்ராட்டிலுக்கு அடியில் வைக்கும் சுழல் தகடு, சிகரெட் லைட்டரில் செருகும் பெட்டி எதையும் வாங்காதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த வகையில் நூற்றுக்கு மேற்பட்ட சாதனங்களைப் பரிசீலித்தும், குறிப்பிடத்தக்க அளவில் மைலேஜ் கூட்டும் ஒன்றைக்கூடக் காணவில்லை. எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் ஈஜிஆரை அடைத்துவிடுவதும் பெட்ரோல் வண்டிக்கு எதிராகவே முடிகிறது. சீரான ஓட்டத்தில் அது உறிஞ்சும் இழப்பைக் குறைக்கிறது, எரிதலின் சூட்டைத் தணித்து என்ஜின் தட்டுவதையும் தடுக்கிறது.

டீசல் பிக்கப்பில் பொறி விடும் ஸ்பார்க் பிளக் கிடையாது, மற்றபடி உருளும் பக்கத்துக் கணக்கு எல்லாம் அதேதான். கரும்புகை விட்டு இழுக்கவில்லை என்றால் காற்று குறைவு: ஃபில்டர், டர்போ ஹோஸின் கிழிசல், கரி அடைத்த இன்டேக். புகையே இல்லாமல் இழுக்கவில்லை என்றால் டீசல் குறைவு: ஃபில்டர், டாங்க் வலை, பம்பின் லீவர் கடைசிவரை போகாத கேபிள். டீசலைத் தெளிக்கும் நாசிலைக் கழற்றிச் சோதனை மேடையில் திறப்பழுத்தமும் தெளிப்பும் பார்க்கக் கொடுங்கள். கீழே மாட்டும் செம்பு வாஷரைப் புதிதாகவே போட வேண்டும், பழையதைத் திரும்பப் போட்டால் அந்த இடத்திலேயே கம்ப்ரஷன் கசியும்.